கலங்கல் நீரின் கதை – 9: கடக்வாஸ்லாவில் ஒரு மணல்துகள்

சென்ற பகுதியை முக்கொம்பில் நிறுத்தியிருந்தோம். 1836இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டினார். மேடிட்டுத் தூர்ந்துகொண்டிருந்த காவிரியில் மறுபடி தண்ணீர் ஏறியது. ஏறிய தண்ணீர் இப்போது காவிரியின் படுகையை அரித்துக்கொண்டு போகத் தொடங்கியது. 1845இல் காவிரியின் தலைப்பிலும் குறுக்கே ஓர் அணை கட்டித்தான் அந்த அரிப்பை நிறுத்த முடிந்தது. மணல் படிகிறது என்று ஒரு கட்டுமானம், மணல் போகிறது என்று இன்னொன்று. கல்லணையில் மணற்போக்கி வைத்தவர்களுக்கும் மணல் அடித்தண்ணீரில்தான் வரும் என்பது தெரிந்திருந்தது. ஆனால் எந்த மணல், எவ்வளவு ஓட்டத்தில், எத்தனை நேரத்தில் அடியில் போய் உட்காரும் என்று கேட்டால் அன்றைய பொறியாளர் எவரிடமும் கணக்கு இல்லை. கண் பழக்கமும் கை அனுபவமும் இருந்தன. காட்டனிடம் அவை அபாரமாக இருந்தன. அவ்வளவுதான்.

முதலில் எண்ணைத் தேடிப் போனவர் பஞ்சாபில் வேலை பார்த்த ஆர். ஜி. கென்னடி. மேல் பாரி தோவாப் கால்வாயில் தூர் வாராமலேயே, கரை அரிக்காமலேயே, ஆண்டுக்கணக்கில் ஒரே நிலையில் நிற்கும் இடங்களைத் தேடிப் பிடித்து அளந்தார். 1895இல் அவர் வெளியிட்ட முடிவு எளிமையானது: வாய்க்காலின் ஆழம் தெரிந்தால் அதற்கேற்ற வேகம் தெரியும். 4 அடி ஆழத்துக்கு விநாடிக்கு ஏறக்குறைய 2 அடி, 8 அடி ஆழத்துக்கு 3 அடிக்குச் சற்று மேல். அதற்குக் குறைந்தால் வண்டல் படியும், கூடினால் கரை அரிக்கும்.

பாரி தோவாப் வண்டலுக்கு இது சரி. சிந்துவின் வண்டலுக்கும் கங்கையின் மணலுக்கும்? அங்கெல்லாம் கென்னடியின் வேகத்தை ஒரு திருத்த எண்ணால் பெருக்கிக்கொண்டார்கள். பருமணல் என்றால் 1.1, 1.2; நுண்வண்டல் என்றால் 0.9, 0.8. இந்தத் திருத்த எண் எங்கிருந்து வருகிறது என்று யாரும் அதிகம் கேட்கவில்லை. வண்டலை அது வந்த ஊரின் பெயரால் அடையாளம் காணும் காலம் அது. துகளைத் தண்ணீர் எப்படி உணர்கிறது என்ற கேள்விக்கான விடை அதற்கு முன்பே அச்சாகிக் கிடந்தது. ஆனால் அது கால்வாயைப் பற்றிய கட்டுரையில் இல்லை, கடிகார ஊசலைப் பற்றிய கட்டுரையில் இருந்தது.

அந்தக் கதையில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. 1821இல் சென்னை வானாய்வுக்கூடத்தில் ஜான் கோல்டிங்காம், கேட்டர் வகை ஊசலை ஆடவிட்டு இந்த அட்சரேகையில் புவியீர்ப்பு எவ்வளவு என்று அளந்தார். பூமியின் உருவத்தைக் கண்டறிய உலகெங்கும் நடந்த அளவீடுகளில் அது ஒன்று. ஊசல் காற்றில் ஆடுகிறது. காற்று இல்லாத இடத்தில் ஆடினால் எப்படி ஆடும் என்று திருத்தம் போட வேண்டும். காற்றின் மிதப்பு விசையைக் கழித்துவிட்டால் போதும் என்பதே அன்றைய வழக்கம். அது போதாது என்று 1828இல் ஜெர்மானிய வானியலாளர் பெஸ்ஸல் காட்டினார். ஆடும் குண்டு தன்னைச் சுற்றியுள்ள காற்றையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு ஆடுகிறது. உலகமெங்கும் செய்த அளவீடுகள் எல்லாவற்றுக்கும் இப்போது மறுகணக்கு தேவைப்பட்டது.

இந்த இழுப்பைக் கணிதமாக எழுதியவர் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ். அயர்லாந்தின் ஸ்லைகோ மாவட்டத்துக்காரர். 30 வயதில் கேம்பிரிட்ஜின் லூக்காசியன் பேராசிரியர். 1850 டிசம்பரில் அவர் வாசித்த நீண்ட கட்டுரை ஊசலின் மீது பாய்மங்களின் உள்உராய்வு செய்யும் வேலையைப் பற்றியது. அதன் ஒரு மூலையில், பாகுநிலை கொண்ட திரவத்தில் மெல்ல நகரும் ஒரு கோளத்தின் மீது எவ்வளவு தடை விழும் என்று விடை கிடைத்தது. பிளஸ் ஒன் இயற்பியலில் ஸ்டோக்ஸ் விதி என்று நாம் படித்தது இதைத்தான். தடைவிசை கோளத்தின் ஆரத்துக்கும் வேகத்துக்கும் திரவத்தின் பாகுநிலைக்கும் நேர்விகிதம். எடை கீழே இழுக்கிறது, மிதப்பும் தடையும் மேலே தாங்குகின்றன. மூன்றும் சமன்பட்டதும் கோளம் மாறாத வேகத்தில் இறங்குகிறது. அதுதான் முற்றுத் திசைவேகம். இந்தத் தொடரில் சுருக்கமாக விழும் வேகம் என்றே சொல்லிக்கொள்வோம்.

அதில் உயிரான செய்தி ஒன்றுதான்: விழும் வேகம் விட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுகிறது. துகள் பாதியானால் வேகம் கால்வாசி. பத்தில் ஒன்றானால் வேகம் நூறில் ஒன்று. 20 பாகை செல்சியஸ் தண்ணீரில் குவார்ட்ஸ் துகளை எடுத்துக்கொண்டு போட்டுப் பார்க்கலாம். 0.05 மி.மீ. விட்டமுள்ள துகள் ஒரு மீட்டர் இறங்க ஏழரை நிமிடம் எடுக்கும். 0.01 மி.மீ. துகள் அதே தூரத்துக்கு 3 மணி நேரம். களிமண்ணின் எல்லையான 0.002 மி.மீ. துகளோ 3 நாளுக்கு மேல். ஆற்றில் தெளிவாக ஓடும் தண்ணீரும் புதுவெள்ளத்தின் செந்நீரும் ஏன் அத்தனை வேறு வேறு என்பதற்கு இந்த மூன்று எண்களே போதும்.

இந்த விதி இன்றும் அன்றாடம் வேலை செய்யும் ஓர் இடத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். எந்த மண் பரிசோதனைக் கூடத்திலும் மேசைமேல் ஒரு லிட்டர் கண்ணாடி அளவுக்குவளைகள் வரிசையாக நிற்கும். மண்ணில் உள்ள மட்கை ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி எரித்துவிட்டு, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட் கலந்து, நன்றாகக் குலுக்கி வைத்துவிடுவார்கள். கொஞ்ச நேரத்தில் மணல் அடியில் போய்விடும். பிறகு காத்திருப்பு. தண்ணீர் 20 பாகையில் இருந்தால் 8 மணி நேரம் கழித்து, மேற்பரப்பிலிருந்து சரியாக 10 செ.மீ. ஆழத்துக்குப் பிப்பெட்டை இறக்கி, கலங்காமல் உறிஞ்சுவார்கள். அந்த நேரத்தில் அந்த ஆழத்தில் எஞ்சியிருப்பது 0.002 மி.மீ.க்கும் சிறிய களிமண் மட்டுமே. அதைக் காயவைத்து எடை போட்டால் மண்ணில் எத்தனை சதவீதம் களி என்று தெரிந்துவிடும். மதுரையின் மே மாதத்தில், தண்ணீர் 30 பாகையில் இருந்தால், 8 மணி நேரம் காத்திருக்கத் தேவையில்லை. 6 மணி நேரத்துக்குச் சற்று மேல் போதும். சூடேறினால் தண்ணீரின் பாகுநிலை குறைகிறது, துகள் விரைந்து இறங்குகிறது. 10 பாகைக்கும் 30 பாகைக்கும் இடையே விழும் வேகம் ஒன்றரை மடங்குக்கும் மேல் மாறிவிடும். குளிர்காலச் சிந்துவும் கோடைச் சிந்துவும் ஒரே மணலைச் சுமந்தாலும், மணல் விழுவது வேறு வேறு வேகத்தில்.

விதிக்கு எல்லையும் உண்டு. ஸ்டோக்ஸ் தன் கணக்கில் திரவத்தின் நிலைமத்தை அறவே விட்டுவிட்டார். துகள் சிறிதாக, வேகம் குறைவாக இருக்கும்வரை பாதகமில்லை. 0.1 மி.மீ. மணல்வரை ஓரளவு தாங்கும். 0.2 மி.மீ. மணலுக்கு விதி சொல்வது விநாடிக்கு 36 மி.மீ.; உண்மையில் விழுவது 20, 25 மி.மீ.தான். 1 மி.மீ. மணலுக்கு விதியை நம்பினால் விநாடிக்கு 90 செ.மீ. வரும், உண்மையில் 10லிருந்து 15 செ.மீ.க்குள். 1910இல் ஸ்வீடன்காரர் ஓசீன் நிலைமத்தில் ஒரு பங்கைச் சேர்த்துத் திருத்தினார். அதற்கு மேல் சமன்பாடு கைகொடுக்காது. உயரமான கண்ணாடிக் குழாயில் தண்ணீரை நிரப்பி, மேலே மணலைத் தூவி, அடியில் எப்போது எவ்வளவு சேர்கிறது என்று பார்த்து எழுதிக்கொள்ள வேண்டியதுதான். லாகூர் பாசன ஆராய்ச்சி நிலையத்தில் பூரி என்பவர் 1930களில் இதற்கென்றே ஒரு கருவியை வடிவமைத்தார். சில்ட்டோமீட்டர் என்று அதற்குப் பெயர்.

இனி புனேக்குப் போவோம்.

தக்காணத்துக் கால்வாய்களில் வேறொரு தொல்லை. நீரா கால்வாயின் கரும்பு நிலங்களில் தண்ணீர் தேங்கி உப்புப் பூத்து, நல்ல மண் பாழாகிக்கொண்டிருந்தது. இதை ஆராய 1916இல் பம்பாய் மாகாண அரசு ஒரு சிறு பிரிவை அமைத்தது. அதன் பொறுப்பு கிளாட் இங்லிஸ் என்ற பொறியாளரிடம் வந்தது. டப்ளினில் பிறந்தவர், 1906இல் இந்தியப் பொதுப்பணித் துறைக்கு வந்தவர். ஸ்டோக்ஸும் அயர்லாந்து, இவரும் அயர்லாந்து. தற்செயல்தான், இருந்தாலும் எனக்குப் பிடித்த தற்செயல். உப்பு நிலத்தில் தொடங்கிய வேலை மதகுகளுக்கும் மடைகளுக்கும் கால்வாய் வடிவமைப்புக்கும் பரவியது. ஆராய்ச்சிக்கு நிறைய தண்ணீர் வேண்டும். புனேக்குத் தென்மேற்கே முட்டா ஆற்றின் மேல் 1879 வாக்கில் கட்டி முடிக்கப்பட்ட கடக்வாஸ்லா அணை இருந்தது. அணைக்குக் கீழே இடம்பிடித்துவிட்டால் தண்ணீர் தானாகவே சரிவில் இறங்கி வரும், பம்பு வேண்டாம். திறந்தவெளியில் மண்ணைக் கொத்தி, சிமெண்டு பூசி, ஆறுகளின் சிறு உருவங்களை அங்கே அமைக்கத் தொடங்கினார்கள். 1930களின் பிற்பாதியில் மத்திய அரசு அந்த நிலையத்தை ஏற்றுக்கொண்டது. பெயர் பலமுறை மாறி, இன்று மத்திய நீர் மற்றும் மின் ஆராய்ச்சி நிலையம்.

நிலையத்தின் பெயரை நாடறியச் செய்தது சிந்து மாகாணத்துச் சுக்கூர். 1932 ஜனவரியில் திறக்கப்பட்ட லாய்டு கதவணை 66 கண்கள் கொண்டது. இரு கரையிலும் சேர்த்து 7 கால்வாய்கள். இலட்சக்கணக்கான ஏக்கருக்குத் தண்ணீர். திறந்த சில ஆண்டுகளிலேயே வலக்கரையின் மூன்று கால்வாய்களிலும் மணல் ஏறத் தொடங்கியது. தலைமதகிலேயே மணலை உள்ளே விட்டுவிட்டு, கீழே வாரிக்கொண்டிருப்பது தீராத செலவு. கேள்வி கடக்வாஸ்லாவுக்கு வந்தது.

ஆறு வளையும்போது மேல்தண்ணீர் வெளிவளைவை நோக்கித் தள்ளப்படுகிறது. அடித்தண்ணீர் உள்வளைவை நோக்கித் திரும்புகிறது. மணல் அடித்தண்ணீரில் இருப்பதால் அது உள்வளைவில் போய்ச் சேர்கிறது. வைகையிலும் தாமிரபரணியிலும் திட்டு எந்தப் பக்கம் மேடிடும் என்று கரையோர விவசாயி எவரும் சொல்லிவிடுவார். இங்லிஸும் அவரது குழுவினரும் அதையே வழியாக்கினார்கள். வலக்கரைத் தலைமதகுகளுக்கு முன்னால் ஒரு வளைந்த அணுகுகால்வாயை அமைத்து, மதகுகள் வெளிவளைவில் வரும்படி செய்துவிட்டால் மதகுக்குள் மேல்தண்ணீர் போகும், மணல் விலகிப் போகும். மாதிரியில் பார்த்து, திருத்தி, மறுபடி பார்த்து, பிறகு சிந்துவில் கட்டினார்கள். அதற்காகக் கதவணையின் 10 கண்களை நிரந்தரமாக அடைக்க வேண்டியிருந்தது. கதவணை கடத்தக்கூடிய வெள்ளம் விநாடிக்கு 15 இலட்சம் கன அடியிலிருந்து 9 இலட்சமாகக் குறைந்தது. மணலை விலக்கக் கொடுத்த விலை சிறியதன்று. அந்தக் கதவணை இன்று பாகிஸ்தானின் பொறுப்பில் இருக்கிறது, விலையையும் அவர்களே சுமக்கிறார்கள்.

மாதிரியில் பார்த்தது ஆற்றிலும் நடக்கும் என்று எதை நம்பிச் சொன்னார்கள்? விழும் வேகம் ஆராய்ச்சியின் நடுவே வந்து உட்கார்ந்தது இந்தக் கேள்வியால்தான். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஆற்றை எல்லாத் திசையிலும் 64இல் ஒரு பங்காகச் சிறிதாக்குகிறோம் என்று வையுங்கள். ஈர்ப்பின் விதிப்படி மாதிரியில் ஓட்டத்தின் வேகம் 8இல் ஒரு பங்காகும். ஆனால் அதே 0.2 மி.மீ. ஆற்றுமணலை மாதிரியில் தூவினால் அது குறையாத வேகத்தில் விழும். ஓட்டம் மெதுவாகிவிட்டது, மணல் மெதுவாகவில்லை. மதகை எட்டுமுன்பே எல்லாம் படிந்துவிடும். மணலும் 8இல் ஒரு பங்கு வேகத்தில் விழ வேண்டுமானால் துகளின் விட்டம் 0.05 மி.மீ. அளவுக்குக் குறைய வேண்டும். அது மணலே அன்று, நுண்வண்டல். படுகையில் அது உருளும் விதமும் எழும் விதமும் அடுக்கும் விதமும் வேறு. இன்னும் சிறிதாக்கினால் ஒட்டிக்கொள்ளும்.

இங்லிஸ் எடுத்த வழியில்தான் புனே நிலையத்தின் அழகைப் பார்க்கிறேன். இன்றைய உத்தரப் பிரதேசத்துக் கால்வாய்களில் வேலை பார்த்த ஜெரால்டு லேசி 1930இல் ஒரு விதியைச் சொல்லியிருந்தார்: தன் மணலில் தானே படுகை அமைத்துக்கொண்ட கால்வாயின் அகலம் நீரோட்ட அளவின் இருமடி மூலத்துக்கு ஏற்ப மாறும்; ஆழமோ மும்மடி மூலத்துக்கு ஏற்ப. அதாவது சிற்றோடை தன் அகலத்தை வைத்துப் பார்த்தால் ஆழமானது, பேராறு தன் அகலத்தை வைத்துப் பார்த்தால் ஆழமற்றது. மாதிரி ஒரு சிற்றோடைதானே? அதை நீளவாட்டில் அதிகமாகவும் ஆழவாட்டில் குறைவாகவும் சிறிதாக்குவதே இயற்கை. மற்ற ஆய்வுக்கூடங்கள் குறையென்று பார்த்த இந்த உருக்கோணலை இங்லிஸ் இயற்கையின் விதியாகவே எடுத்துக்கொண்டார். இப்போது முந்தைய கணக்கை மறுபடி போடுவோம். ஆழத்தில் 64இல் ஒன்று, நீளத்தில் 256இல் ஒன்று. ஓட்ட வேகம் அதே 8இல் ஒன்று. ஆனால் தண்ணீர் போக வேண்டிய தூரம் நான்கு மடங்கு சுருங்கிவிட்டதால், மணல் பாதி வேகத்தில் விழுந்தாலே சரியான இடத்தில் படியும். அதற்கு 0.12 மி.மீ. விட்டம் போதும். அது உண்மையான மணல், கையில் எடுத்தால் உதிரும், மாதிரியில் ஓடும்.

ஒரு கணக்கு இப்படிச் சரியாக வந்து உட்காரும்போது ஏற்படும் மகிழ்ச்சியை மறைக்க நான் விரும்பவில்லை. ஆனாலும் இங்லிஸ் மாதிரியை வேதவாக்காக எடுத்துக்கொள்ளவில்லை. எந்த மாதிரியும் எல்லா விதிகளையும் ஒருசேர நிறைவேற்றாது என்பது அவருக்குத் தெரியும். ஆற்றில் ஏற்கெனவே நடந்து முடிந்த மாற்றத்தை மாதிரி மறுபடி காட்டுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். காட்டினால்தான் வரப்போவதைப் பற்றி அதனிடம் கேட்கலாம்.

லேசியின் விதியில் வண்டலுக்கு இடம் கொடுத்தது ஒரு வண்டல் காரணி. துகளின் விட்டத்தை வைத்து அதைக் கணக்கிட்டார்கள். இங்லிஸ் இதை ஏற்கவில்லை. ஒரே விட்டமுள்ள மணல்தான் இரண்டு கால்வாயிலும். ஒன்றில் கொஞ்சம் வருகிறது, இன்னொன்றில் நிறைய வருகிறது. இரண்டும் ஒரே உருவம் எடுக்குமா? எடுக்காது. ஆகவே தண்ணீரில் வரும் மணலின் செறிவையும் அதன் விழும் வேகத்தையும் பெருக்கி, அந்தப் பெருக்கற்பலனைத் தம் சமன்பாடுகளுக்குள் கொண்டுவந்தார். 1949இல் புனே நிலையம் இரு பகுதிகளாக வெளியிட்ட அவரது பெரிய நூலில், மாதிரிகளின் துணையோடு ஆறுகளையும் கால்வாய்களையும் கட்டுப்படுத்துவது பற்றிய அந்த நூலில், இந்தச் சமன்பாடுகள் இருக்கின்றன. பெருக்கற்பலன் கூடினால் ஆறு அகலமாகும், ஆழம் குறையும், சரிவு கூடும். பிரம்மபுத்திரா ஏன் மைல் கணக்கில் பரந்து கிளை பிரிந்து கிடக்கிறது, களிமண் கரைகளுக்கிடையே ஓடும் சிற்றாறு ஏன் குறுகி ஆழ்ந்து ஓடுகிறது என்று கேட்டால் இந்த ஒரு வாக்கியத்தில் பாதி விடை இருக்கிறது.

விழும் வேகத்தை வைத்தே 1937இல் அமெரிக்காவின் ஹண்டர் ரௌஸ் இன்னொரு முடிவுக்கு வந்தார். துகள் ஓயாமல் இறங்குகிறது. ஓட்டத்தின் சுழல்கள் அதை ஓயாமல் மேலே தூக்குகின்றன. இரண்டும் சமன்படும் நிலையில் எந்த ஆழத்தில் எவ்வளவு மணல் இருக்கும் என்று அவர் கணக்கிட்டார். விழும் வேகம் அதிகமென்றால் மணல் எல்லாம் அடியில். குறைவென்றால் மேலிருந்து கீழ்வரை ஒரே கலங்கல். கல்லணையின் மணற்போக்கி ஏன் பருமணலை வெளியேற்றும், நுண்வண்டலை ஏன் வெளியேற்றாது என்பதற்குக் காரணம் அப்போதுதான் எண்ணாகக் கைக்கு வந்தது.

இங்லிஸ் ஊர் திரும்பி, பிரிட்டனின் நீரியக்க ஆராய்ச்சி நிலையத்துக்கு முதல் இயக்குநரானார். புனேயில் வேலை தொடர்ந்தது. அவரோடு பணியாற்றிய டி. வி. ஜோக்லேகர் பின்னர் நிலையத்தின் இயக்குநரானார். 1956இல் அவர் தொகுத்த ஆறுகளை நெறிப்படுத்துவது பற்றிய கையேடு ஒரு தலைமுறை இந்தியப் பொறியாளர்களின் மேசையில் இருந்தது.

விடுதலைக்குப் பின் கேள்வி சமவெளியிலிருந்து இமயத்துக்கு ஏறியது. மலையாற்றுத் தண்ணீர் நூற்றுக்கணக்கான மீட்டர் உயரத்திலிருந்து சுழலியின் மேல் பாய்கிறது; அதில் குவார்ட்ஸ் மணல் இருந்தால் எஃகுத் தகடுகள் ஒரே பருவத்தில் தேய்ந்து போகும். சட்லெஜ் மேல் 1,500 மெகாவாட் நாத்பா ஜாக்ரி நிலையத்தில் இதற்காக மலைக்குள்ளேயே 4 படிவு அறைகளைக் குடைந்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் 525 மீட்டர் நீளம், 16.3 மீட்டர் அகலம், 27.5 மீட்டர் உயரம். 0.2 மி.மீ.க்கு மேற்பட்ட மணலை அங்கேயே விழவைக்க வேண்டும். அறைக்குள் தண்ணீர் விநாடிக்குச் சுமார் 30 செ.மீ. வேகத்தில் நகர்கிறது, அதாவது நுழைந்து வெளியேற ஏறக்குறைய அரை மணி நேரம். 0.2 மி.மீ. துகள் கூரையிலிருந்து தரைக்கு இறங்க 20 நிமிடம் சொச்சம். மிச்சமிருக்கும் அந்த நிமிடங்கள் வீணன்று. சுழல்கள் மறுபடி தூக்கிவிடும் துகளுக்கும், சட்லெஜின் குளிர்ந்த தண்ணீரில் தாமதமாக விழும் துகளுக்கும் அந்த நேரம் வேண்டும். அரை கிலோமீட்டர் நீளக் குகையை இவ்வளவு நீளம் என்று முடிவு செய்தது ஒரு மணல்துகள் விழும் வேகம்.

புனேயில் இதே விதியை வேறு திசையில் கொண்டுபோன இன்னொரு நிலையமும் உண்டு. ஸ்டோக்ஸ் தன் ஊசல் கட்டுரையிலேயே மேகத்தைத் தொட்டிருந்தார்: நீர்த்துளிகள் ஏன் வானிலிருந்து விழுந்துவிடாமல் தொங்குகின்றன? விடை, விழுகின்றன, ஆனால் மிக மெதுவாக. 0.01 மி.மீ. ஆரமுள்ள மேகத்துளி காற்றில் விநாடிக்கு 1.2 செ.மீ. இறங்குகிறது, மெல்லிதாக மேலெழும் காற்றே அதைத் தாங்கிவிடும். பெரிய துளிகள் சில வேகமாக இறங்கி, வழியில் சிறியவற்றை மோதிச் சேர்த்துக்கொண்டால்தான் மழை. 1962இல் தொடங்கி, இன்று பாஷாணில் இயங்கும் வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் இதைக் களத்தில் சோதித்தது. அகமத்நகர், பாராமதி வட்டாரத்தின் மழைமறைவு நிலத்தில், 1973 முதல் 1986 வரை 11 பருவமழைக் காலங்களில், விமானத்திலிருந்து மேகங்களுக்குள் உப்புத்தூளைத் தூவினார்கள். உப்புத்துகள் ஈரத்தை இழுத்துப் பெரிய துளியாகும், பெரிய துளி விரைந்து விழும். இரண்டு பகுதிகளில் எதில் தூவுவது என்பதைச் சீட்டுக் குலுக்குவதுபோல் தீர்மானித்து, மற்றதோடு ஒப்பிட்டார்கள். மழை 24 சதவீதம் கூடியதாக முடிவு வந்தது. மேக விதைப்பில் அவசரமான உரிமைகோரல்கள் ஏராளம். 11 பருவம் பொறுமையாக, எதிர்ப்பகுதி வைத்து ஒப்பிட்டுச் செய்த இந்தச் சோதனையை நான் மதிக்கிறேன்.

விழும் துகளின் கதையில் இன்னும் வியப்பு தீர்ந்தபாடில்லை. 2019இல் ராகுல் சாஜ்வா, நாராயணன் மேனன், ஸ்ரீராம் ராமசாமி மூவரும் பாகுநிலை மிகுந்த திரவத்தில் இரண்டு தட்டுகளை அருகருகே விழவிட்டுப் பார்த்தார்கள். ஒன்றின் ஓட்டம் மற்றதைத் திருப்புகிறது. சில வேளைகளில் இரண்டும் நெருங்கி விலகி மறுபடி நெருங்கியபடி சேர்ந்தே இறங்குகின்றன; சில வேளைகளில் பிரிந்து போய்விடுகின்றன. இந்த இயக்கத்தின் சமன்பாடுகளைப் பிரித்துப் பார்த்தால் சூரியனைச் சுற்றும் கோள்களுக்குக் கெப்ளர் எழுதிய கணிதமே அங்கே இருந்தது.

ஆற்றுக்கு வருவோம். இதுவரை ஆற்றுக்குப் பார்த்த கணக்குகள் எல்லாமே ஒவ்வொரு துகளும் தனித்தனியே விழுகிறது என்று எடுத்துக்கொண்டவை. மணலுக்கு அது சரி. ஆறு கடலைத் தொடும் இடத்தில் களிமண்ணுக்கு அது பொருந்தாது. உப்புத்தண்ணீர் பட்டதும் களித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன. தனியாக 10 செ.மீ. இறங்க 8 மணி நேரம் எடுத்துக்கொண்ட துகள், திரளில் சேர்ந்ததும் நிமிடக் கணக்கில் இறங்கிவிடுகிறது. கடல்வரை போயிருக்க வேண்டிய வண்டல் முகத்துவாரத்திலேயே உட்கார்ந்துவிடுகிறது. கொல்கத்தா துறைமுகத்தை ஹூக்ளி ஆற்றில் மூச்சுத் திணறவைத்த சிக்கல்களில் இதுவும் ஒன்று. அதற்கும் கடக்வாஸ்லாவில் மாதிரி கட்டினார்கள். கங்கையிலிருந்து விநாடிக்கு 40,000 கன அடியைத் திருப்பி ஹூக்ளியைக் கழுவுவது என்று தீர்மானித்து, 1975இல் ஃபராக்கா கதவணை இயங்கத் தொடங்கியது. அந்த 40,000 என்ற எண் எப்படி வந்தது, அதைச் சுற்றி இரு நாடுகளுக்கிடையே என்னென்ன நடந்தன என்பது அடுத்த பகுதியில்.

(தொடரும்)